36 சென்ட்டுக்கு அப்புறம்

அமெரிக்கப் பாடகி டீனா டர்னரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த 36 சென்ட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பிக்கிறேன், ஆனால் அங்கேயே நிற்கப் போவதில்லை.

1976 ஜூலை, டல்லாஸ். அமெரிக்கா தன் 200-வது சுதந்திர தினத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாரம். விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகிற வழியிலேயே, காருக்குள், கணவரும் இசைக்குழுத் தலைவருமான ஐக் டர்னர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். காரணம் ஒரு சாக்லேட். உருகி வழிந்த சாக்லேட்டை அவர் நீட்ட, போட்டிருந்த வெள்ளை உடையில் கறை படியுமே என்று டீனா தள்ளியிருக்கிறார். அவ்வளவுதான். வருடக்கணக்கில் அடி வாங்கியவர் அன்றைக்குத் திருப்பி அடித்தார்.

அறைக்குப் போனதும் வழக்கம்போல ஐக்குக்குத் தலையைப் பிடித்துவிட்டு, அவர் தூங்கும்வரை காத்திருந்தார். முகமும் தலையும் வீங்கியதில் விக் ஏறவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்வழியாக இறங்கி, லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, எதிரே இருந்த இன்னொரு ஹோட்டலில் போய் நின்றார். கையில் 36 சென்ட், ஒரு பெட்ரோல் கார்டு. உடையில் ரத்தம். அங்கிருந்த மேலாளர் காசு கேட்காமல் அறை கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் ஒரு தாண்டு தாண்டி 1985 கிராமி இசை விருது மேடைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். நடுவில் ஏழெட்டு வருடம் இருக்கிறது ஐயா! அந்த வருடங்களை யார் வாழ்ந்தது?

முதலில் விவாகரத்து. 1978-ல் முடிந்தது. வீடு, பாட்டு வருமானம் என்று எதற்கும் அவர் மல்லுக்கட்டவில்லை. கேட்டது பெயரை. இதைப் பலர் உணர்ச்சிகரமான விஷயமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதில் பச்சையான தொழில் கணக்குதான் தெரிகிறது. அவருடைய சொந்தப் பெயர் அன்னா மே புல்லக். டென்னசி மாநிலத்தில் நட்புஷ் என்கிற பருத்திக்காட்டு ஊர்ப் பெண். 'டீனா டர்னர்' என்பது 1960-ல் ஐக் வைத்த பெயர். வைத்ததோடு விடாமல் தன் பேரில் பதிவும் செய்துகொண்டார். இவள் ஓடிப்போனால் வேறொரு பெண்ணை நிறுத்தி அதே பெயரில் கச்சேரி நடத்தலாமே! ஆக, அந்தப் பெயர் ஒரு பூட்டு. அதையே சாவியாக்கிக்கொண்டு வெளியே வந்தார் இந்த அம்மாள். சுவரொட்டியில் அன்னா மே என்று போட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

பெயர் வந்தது, கூடவே கடனும் வந்தது. பாதியில் விட்டு வந்த சுற்றுப்பயணத்தின் ரத்தான கச்சேரிகளுக்கெல்லாம் ஏற்பாட்டாளர்கள் இவரைத்தான் பிடித்தார்கள். வளர்க்க நான்கு பையன்கள், அதில் இருவர் இவர் பெற்றவர்கள்கூட இல்லை, ஐக்கின் முந்தைய உறவில் பிறந்தவர்கள். தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துக் கொடுத்தார். அரசாங்க உணவுக் கூப்பனில் மளிகை வாங்கினார். இதே பெண்தான் சில வருடம் முன்பு ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரிகளில் அவர்களுக்கு முந்தி மேடையேறி, கூட்டத்தை வாரிக் கையில் எடுத்தவர்.

அப்புறம் லாஸ் வேகஸ் கேபரே, ஹோட்டல் ஹால்கள், தொலைக்காட்சி கேம் ஷோக்கள். சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கிற கூட்டத்துக்கு முன்னால் ஜிகினா உடையில் ஆடினார். 'காலம் முடிந்துபோன பாடகி' என்று முத்திரை குத்தினார்கள். நாற்பதை நெருங்குகிற கறுப்பினப் பெண், கையில் புதிய ஹிட் கிடையாது, எந்த கம்பெனி சீந்தும்? 1979-ல் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ப் பாடினார். அது தப்புதான். கடன் கழுத்தை நெரித்தது என்பதற்காக நான் அதைப் பூசி மெழுக மாட்டேன். பிடித்தவர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம், அவ்வளவே.

1983-ல் நியூயார்க்கில் ஒரு கிளப்பில் பாடினார். அன்று பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி தன் ரெக்கார்டு கம்பெனிக்காரர்களிடம், எனக்குப் பிடித்த பாடகியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ராத்திரிதான் திருப்பம். அடுத்த வருடம் 'பிரைவேட் டான்சர்' ஆல்பம். இங்கிலாந்தில் இரண்டே வாரத்தில் முக்கால்வாசியைப் பதிவு செய்து முடித்தார்கள். அதில் வந்த 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' பாட்டு அவருக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிடிக்காத பாட்டை அத்தனை அலட்சியத்தோடும் களைப்போடும் பாடியதால்தான் அது அப்படி வந்திருக்கிறது என்பது என் கட்சி. 44 வயதில் அமெரிக்காவில் முதலிடம். 1988-ல் பிரேசிலில் ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில் அவரைப் பார்க்க ஏறக்குறைய 1,80,000 பேர் வந்தார்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'வலிதான் அந்தக் குரலைக் கொடுத்தது' என்று அவர் இறந்த அன்று நிறைய பேர் எழுதினார்கள். அபத்தம். 1957-ல் செயின்ட் லூயிஸ் பக்கத்து கிளப் ஒன்றில், இடைவேளையில் மைக்கைப் பிடித்து அந்த 17 வயதுப் பெண் பாடியதைக் கேட்டுத்தான் ஐக் அசந்துபோனார். குரல் அன்றைக்கே இருந்தது. ஐக் அதைக் கேட்டு வந்தவர்தான், கொடுத்தவர் அல்ல.

இன்னொரு அநியாயம், ஐக்கிடம் அடி வாங்கிய கதையை அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. 1981-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் எல்லாவற்றையும் கொட்டினார், இதோடு இந்தப் பேச்சு முடியட்டும் என்று. முடியவே இல்லை. நாற்பது வருடம் போன பேட்டியிலெல்லாம் ஐக். எங்கள் சொந்தத்தில் ஓர் அத்தை உண்டு. புருஷன் அடி தாங்காமல் கிளம்பி வந்து, தையல் மிஷினை வைத்தே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர். எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்தாளு இப்ப எங்க இருக்கானாம்?" அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டு, "ஜாக்கெட் அளவு குடுத்தியே, வந்து வாங்கிட்டியா?" என்பார். டீனாவின் பேட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரசம்தான் ஞாபகம் வரும்.

(இடைச்செருகல்: 'சர்வேஷாம் ஸ்வஸ்திர் பவது' என்று ஒரு பெண் குரல் வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அது டீனாதான். உடனே இந்துவாக மாறிவிட்டார் என்று கிளம்ப வேண்டாம். 1970களிலிருந்து அவர் நிச்சிரென் என்கிற ஜப்பானிய பௌத்தப் பிரிவு. ஐக்கின் வீட்டில் இருந்தபோதே ஜபம் செய்ய ஆரம்பித்தவர்.)

கடைசிக் காலமும் லேசாக இல்லை. 2013-ல் தன்னைவிட 16 வயது இளையவரான எர்வின் பாகைக் கல்யாணம் செய்துகொண்ட மூன்றே வாரத்தில் பக்கவாதம். பிறகு குடல் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு. 2017-ல் எர்வின் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். பெற்ற பிள்ளைகள் இருவரும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள், 2018-ல் ஒருவர், 2022-ல் ஒருவர். இதற்கு என்ன எழுதுவது? ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

2023 மே 24-ம் தேதி, 83 வயதில், சுவிட்சர்லாந்தில் ஜூரிச் ஏரிக்கரையில் இருந்த வீட்டில் இறந்தார். அந்த வீட்டுக் கேட்டில் ஜெர்மன் மொழியில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: மதியம் 12 மணிக்கு முன்னால் மணி அடிக்கக் கூடாது.