72 மணி நேரம்

2003 வாக்கில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக, புள்ளி ராஜா என்றொரு கற்பனை ஆளை வைத்து, ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஊரெல்லாம் பலகை வைத்துக் கேட்ட மாநிலம் தமிழ்நாடு. கேலியும் கண்டனமும் கிளம்பின. ஆனாலும் பேச்சு வீட்டுக்குள் வந்தது. அதே மாநிலத்தில் இன்று ஓர் இளம்பெண் மருந்துக்கடையில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால், “அதெல்லாம் நாங்கள் வைப்பதில்லை” என்று பதில் வருகிறது. கூடவே மேலும் கீழுமாக ஒரு பார்வை.

சட்டம் எதையும் தடுக்கவில்லை. 2005 முதலே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம். சிக்கல் என்னவென்றால், கடைக்காரர் உட்படப் பலரும் இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, அதை மருத்துவரைப் பார்க்காமல் விழுங்குவது ஆபத்து. இது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து, 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. பாதுகாப்பில்லாத உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அடுத்த மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்தது என்று வையுங்கள். ஞாயிறு பாதிக் கடைகள் அடைப்பு. திறந்திருக்கும் கடையிலோ அப்பாவுக்குத் தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார். திங்கள் கல்லூரி, மாலையில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. செவ்வாய் இரவோடு கணக்கு முடிந்துவிடும்.

பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாமே என்றால், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலன் என்று ஒரு பாடமே இருக்கிறது. “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று எத்தனை ஆசிரியர்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். வணிகவியல் எடுத்த பிள்ளைக்கு அந்தப் பாடமும் கிடையாது.

இதைச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கீழே எழுத வரும் அண்ணன்மார்களுக்கு: இரண்டு குழந்தை பெற்ற குடும்பத்திலும் ஆணுறை கிழியும். அந்த அக்காவும் இதே கடைக்குத்தான் வருகிறார், இதே பார்வையைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்.

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த மாத்திரை பால்வினை நோய் எதையும் தடுக்காது, மாதா மாதம் போடுவதற்கானதும் அல்ல. நோய்க்கு ஆணுறைதான் காப்பு. அதை வாங்கப் போகும் தம்பிகளாவது, கூட்டம் கலையட்டும் என்று எதிர்ப் பெட்டிக்கடையில் நின்று மூன்றாவது டீ குடிக்காமல் நேராகப் போய்க் கேளுங்கள்.