கிளிமஞ்சாரோ இன்னும் அணையவில்லை
"கிளிமஞ்சாரோ எப்போதோ அணைந்துபோன எரிமலை, இப்போது வெறும் பனிமலைதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தான்சானியாவில் உள்ள அந்த மலை ஒரே எரிமலை இல்லை. ஷிரா, மாவென்சி, கிபோ என மூன்று ஒட்டி வளர்ந்தவை. முதல் இரண்டும் அணைந்தவைதான். ஷிரா இடிந்து மேட்டுநிலமாகிவிட்டது, மாவென்சி அரிபட்டுக் கூர்பாறைகளாக நிற்கிறது. 5,895 மீட்டர் உச்சியுள்ள கிபோவோ உறக்கத்தில் இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள ரோய்ஷ் என்ற எரிமலை வாய்ப்பள்ளத்தில் இன்றும் கந்தக நெடியோடு ஆவி கசிகிறது. ஆவி வரும் துளைகளைச் சுற்றி மஞ்சள் படிவும் உண்டு. கடைசிப் பெருவெடிப்பு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தையது என்பது உண்மை. நாளைக்கே வெடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடியில் சூடு இருக்கும்வரை 'அணைந்தது' பட்டியலில் கிபோவைச் சேர்க்க முடியாது.