அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பஸ் ஆப்பைத் திறங்கள்

சென்னையில் வாடகைக்கு ஃபிளாட் தேடுகிறவர்கள் மெட்ரோ வாட்டர் வருகிறதா, மெயின்டெனன்ஸ் எவ்வளவு, பைக் நிறுத்த இடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். பஸ் விஷயத்தில் மட்டும் புரோக்கர் சொல்லும் "ஸ்டாப் பக்கத்துலயே இருக்கு சார்" போதுமானதாகிவிடுகிறது. ஸ்டாப் இருப்பது வேறு, அங்கே பஸ் வந்து நிற்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியவரும்போது 11 மாத அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டாகியிருக்கும்.

இதை முன்கூட்டியே பார்க்கப் பைசா செலவில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் (எம்டிசி) சென்னை பஸ் ஆப், 2025 செப்டம்பரில் நகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பான கும்டா கொண்டுவந்த சென்னை ஒன், மின்சார ரயிலுக்கு வேர் இஸ் மை டிரெயின், எல்லாவற்றுக்கும் பொதுவாக கூகுள் மேப்ஸ். எல்லாம் இலவசம். (டவுன்லோடு செய்யும்போது வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள்; பெயரும் படமும் ஒன்றுபோலவே இருக்கும் ஆப்கள் நிறைய.) பெரும்பாலானோர் இவற்றை ஸ்டாப்பில் வியர்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் பஸ் எங்கே வருகிறது என்று தெரிந்து ஆகப்போவது கொஞ்சம்தான். வீட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் இவை உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்கும்.

முதலில் நடை. விளம்பரத்தில் இருக்கும் லொகேஷனை நம்பாமல், வீடு பார்க்கப் போகும்போது கேட்டில் நின்று நீங்களே மேப்ஸில் அந்த இடத்தைக் குறித்துச் சேமியுங்கள். அங்கிருந்து ஸ்டாப்புக்கோ ஸ்டேஷனுக்கோ கூகுள் மேப்ஸில் நடை வழியைப் பாருங்கள். நேர்க்கோட்டுத் தூரம் எதற்கும் உதவாது, ரயில் பாதை ஓரப் பகுதிகளில் சுத்தமாக உதவாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும். போக நடைமேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ சுற்ற வேண்டும். வழி மேற்கு மாம்பலம் துரைசாமி சுரங்கப்பாதை மாதிரி ஒன்றின் வழியாகப் போகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கனமழையில் தண்ணீர் தேங்கினால் சுரங்கப்பாதைகளை மூடிவிடுவார்கள், ஆப் அதே வழியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து நேரம். எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போய், அங்கேயே நின்று ஆபீசுக்கு வழி தேடினால் அந்த ஞாயிறு மதியத்தின் பதில்தான் கிடைக்கும். மேப்ஸில் பொதுப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுத்து, 'இப்போது' என்பதை மாற்றுங்கள். வேலை நாள் ஒன்றை வைத்து, சேரும் நேரம் காலை 9.15 என்று போட்டு ஒரு தடவை. திரும்பும் வழிக்கு, இரவு 8.30 கிளம்பும் நேரம் என்று போட்டு ஒரு தடவை. பிறகு அதே இடத்தில் இருக்கும் 'கடைசி' என்ற தேர்வைத் தட்டுங்கள். அன்றைய கடைசி வண்டி எது என்று சொல்லும். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மெட்ரோவே இரவு 11 மணி சுமாருக்கு ஓய்ந்துவிடுகிறது. மின்சார ரயிலை நம்பி வீடு எடுப்பவர்கள் ஞாயிறு அட்டவணையையும் தனியாகப் பாருங்கள். வண்டிகள் குறைவு, பராமரிப்பு வேலைக்காகப் பகல் நேரத்தில் ரத்து செய்வதும் சகஜம்.

இதுவரை பார்த்தது அட்டவணை. இனி பார்க்க வேண்டியது, அட்டவணைப்படி நிஜமாகவே வருகிறதா என்பது. இதற்கு அந்த ஏரியாவுக்குப் போகக்கூட வேண்டாம். இப்போதைய வீட்டில் காபி குடித்துக்கொண்டே, புது வீட்டு ஸ்டாப்பை ஆப்பில் திறந்து, காலை 8 முதல் 9 வரை உங்கள் ரூட் எத்தனை தடவை கடக்கிறது, எந்த இடைவெளியில் என்று குறியுங்கள். மூன்று நாலு வேலை நாள் போதும். சாலையின் இரு பக்கத்துக்கும் ஒரே பெயரில் இரண்டு ஸ்டாப் இருக்கும். எதிர்த்திசையைப் பார்த்துக் கணக்கெடுத்துவிடாதீர்கள். மேப்ஸில் நேரத்தின் பக்கத்தில் அலை மாதிரி சின்னம் மின்னினால்தான் நேரலைத் தகவல். இல்லாவிட்டால் வெறும் அட்டவணை.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒன்று என்று சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். அதே 40 நிமிடத்தில் இரண்டு பஸ்தான், ஆனால் 5 நிமிட இடைவெளி ஒன்று, 35 நிமிட இடைவெளி ஒன்று என்று ஜோடியாக வந்தால் சராசரிக் காத்திருப்பு பதினைந்தரை நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. பஸ் எண்ணிக்கை மாறவில்லை. நீளமான இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து மாட்டுகிறார்கள், அவ்வளவுதான். எனவே நீங்கள் குறித்ததில் மிக நீளமான இடைவெளிக்கு வட்டம் போடுங்கள்.

ரூட் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். கடைசியில் 'சிடி' (CT) என்றிருந்தால் கட் சர்வீஸ், பாதி வழியில் திரும்பிவிடும். 'இடி' (ET) என்றால் நீட்டிப்பு. உங்கள் ஆபீஸ் ரூட்டின் மறுகோடியில் இருந்தால் கட் சர்வீஸ்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும்தான். டீலக்ஸும் ஏசியும் கலந்து ஓடும் ரூட்டில், இலவச பஸ்ஸுக்கான இடைவெளியைத் தனியாக எடுங்கள். டீலக்ஸ் பரவாயில்லை என்றால் 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது, ஏசியும் வேண்டுமென்றால் 2,000 ரூபாய் பாஸ்.

ஆப் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. பஸ் கிளம்புமிடத்தில் டிரைவர் டீ குடிக்கும்வரை '4 நிமிடம்' என்பது நாலாகவே நிற்கும், ஏனென்றால் வண்டி நகர்ந்தால்தான் கணக்கு நகரும். எந்த வண்டி எந்த டிரிப் என்று கணினியில் பதிந்த பிறகு பழுதுக்காக வேறு வண்டியை அனுப்பினால், ஒன்று பஸ் காணாமல் போகும், இல்லை வேறு எண்ணில் தெரியும். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஸ்டாப்பே இடம் மாறியிருக்கும். வேர் இஸ் மை டிரெயின் ஜிபிஎஸ் இல்லாமல் செல் டவரை வைத்தும் இடம் கண்டுபிடிப்பது. நெரிசலான நகரப் பாதையில் ஒரு ஸ்டேஷன் முன்பின் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஷேர் ஆட்டோ எதுவும் மேப்ஸில் வராது. அதற்கு அந்தத் தெருமுனைக் கடையில் கேட்பதுதான் வழி.

பிறகு வாடகையோடு சேர்த்துக் கூட்டுங்கள். 3,000 ரூபாய் வாடகை குறைவு என்று உள்ளே தள்ளி வீடு எடுத்து, ஸ்டேஷனுக்கு ஒரு தடவைக்கு 60 ரூபாய் ஆட்டோ என்றால், மாதம் 26 நாள், போக வர 3,120. மிச்சம் என்று நினைத்தது போய்விட்டது. ஒரே ரூட்டை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும் மலிவு வீட்டைவிட, இரண்டு மூன்று ரூட் கடக்கும் சாலைக்கு 500 மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

எனக்கு இருக்கும் குறை வேறு. வீடு தேடுகிறவர் உட்கார்ந்து இடைவெளியைக் கையால் குறிக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு ஸ்டாப்பை எப்போது கடந்தது என்பதை ஜிபிஎஸ் வைத்தே எடுத்துவிடலாம். லண்டனில் அடிக்கடி ஓடும் பஸ் ரூட்களுக்கு, அட்டவணைப்படி நிற்க வேண்டியதைவிடப் பயணி எத்தனை நிமிடம் கூடுதலாக நிற்கிறார் என்பதை அளந்து, ரூட் வாரியாக வெளியிடுகிறார்கள். சிங்கப்பூரிலும் அதே அளவுகோல்தான், தவறினால் நிறுவனத்துக்கு அபராதம்கூட உண்டு. எம்டிசியும் கும்டாவும் ஸ்டாப் வாரியாகக் கடந்த மூன்று மாதத்தின் காலை, இரவு இடைவெளிகளை ஆப்பிலேயே ஒரு பக்கமாகப் போடட்டும். "பக்கத்துலயே ஸ்டாப்" என்பவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி வாடகை பேசிக்கொள்கிறோம்.