கிபாலேயில் சிம்பன்சி மட்டும்தானா?

உகாண்டா பயணக் கட்டுரையில் கிபாலே தேசியப் பூங்காவை "சிம்பன்சி காடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அங்கே 13 வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. செங்கொலோபஸ் குரங்குகளைச் சிம்பன்சிகள் கூட்டமாகத் துரத்தி வேட்டையாடுவதும் இதே காட்டில்தான்.

சிம்பன்சி பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். நாங்கள் போனபோது முதல் அரை மணி அத்தி மரத்தடியில் அண்ணாந்தே போய்விட்டது, மேலிருந்து பழக்கொட்டையும் வேறு சிலதும் விழுந்தன (தொப்பி அவசியம்!). அப்புறம் ஓர் ஆண் சிம்பன்சி இறங்கி வந்து, மரத்தடியில் பலகை மாதிரி புடைத்து நிற்கும் வேரில் காலால் தடதடவென்று உதைத்தது பாருங்கள், பறை அடித்த மாதிரி நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

பறவை பார்க்கிறவர்கள் விடியும் முன்பே காட்டுக்குள் இருக்க வேண்டும். பச்சை மார்புப் பிட்டா அந்த நேரத்தில்தான் கிளையில் நின்று, சிறகடித்துக் குட்டியாக ஒரு குதி குதித்துக் குரல் கொடுக்கும். நம்மூர் ஆறுமணிக்குருவியின் சொந்தக்காரர்தான். வெளிச்சம் வந்ததும் தரைச் சருகுக்குள் மறைந்துவிடும்.

பக்கத்திலேயே பிகோடி சதுப்பு நிலம், ஊர் மக்களே நடத்துவது. பெரிய நீல டுராக்கோ என்ற பறவையை அங்கே சாவகாசமாகப் பார்க்கலாம். சரி, இன்னொன்று: பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படை எறும்பு வரிசையை நான் கவனிக்காமல் மிதித்துவிட்டேன், வழிகாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.