பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்

ஆபீஸில் நாங்கள் காட்டிய டெமோவை மேலிடம் பார்க்காமலே ஒதுக்கியதைப் பற்றி வெள்ளிக்கிழமை ராத்திரி போட்ட நாலு வரிப் பதிவுக்கு வந்த கமெண்ட்களை எல்லாம் படித்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "கம்பெனி அவங்களோடது, முடிவும் அவங்களோடது, இதுக்குப் போய் ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க" என்று எழுதியவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு. முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதில் எனக்குத் தகராறே கிடையாது. நாங்கள் கேட்ட எலிக்ஸிர் என்ற நிரல்மொழியை வேண்டாம் என்று சொன்னதற்காகவும் நான் கோபப்படவில்லை. பார்க்காமலே வேண்டாம் என்றார்கள். அதுதான் தாங்கவில்லை.

"இதெல்லாம் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு நல்லா இருக்கும்மா." கூட்டத்தில் எனக்குக் கிடைத்த இந்தப் பதிலைத்தான் அன்றைக்கு எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சிக்கல் உங்களில் பலருக்குத் தெரியும். லாரி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு வரைபடத்தில் காட்டும் பக்கம். திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு பிரவுசரும் சில வினாடிக்கு ஒருமுறை சர்வரிடம் போய் "வண்டி நகர்ந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் எல்லாக் கிடங்கிலும் ஒரே நேரத்தில் சரக்கு ஏறும்போது, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே சர்வர் படுத்துவிடும். உடனே சர்வரைக் கூட்டுவோம். கிளவுட் பில் ஏறும். அடுத்த மாதக் கடைசியில் திரும்பவும் படுக்கும். ஆன்-கால், அதாவது ராத்திரிக் கோளாறைப் பார்க்கும் முறை, யாருடையதாக இருந்தாலும் கடைசியில் நடுராத்திரியில் அடிப்பது என் போன்தான். என் மகள் அந்த ரிங்டோனுக்குப் பழகி, தூக்கத்திலேயே காதைப் பொத்திக்கொள்கிறாள்.

இதற்குத்தான் நானும் டீமில் இரண்டு பேரும் சேர்ந்து, எங்கள் சொந்த நேரத்தில், அந்த ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எலிக்ஸிரிலும், அதில் வெப் பக்கம் கட்ட உதவும் ஃபீனிக்ஸிலும் எழுதிப் பார்த்தோம். முழு சிஸ்டத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு பக்கம், ஒரு மூலை. ஒவ்வொரு லாரிக்கும் சர்வருக்குள் தனியாக ஒரு சின்ன ப்ராசஸ், அதாவது தன்பாட்டுக்கு ஓடும் ஒரு குட்டி நிரல். ஆரம்பத்தில் அது பிடிக்கும் நினைவகம் சில கிலோபைட்தான், அதனால் லட்சக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வண்டி நகர்ந்தால் மட்டும் செய்தி பிரவுசருக்குப் போகும், யாரும் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டாம்.

"சாக்கெட்டை நோடிலும் போடலாமே" என்று ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தார். சாக்கெட் என்பது சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பு, நோட் என்பது சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ். போடலாம். போட்டும் பார்த்தோம். வித்தியாசம் ஒன்று உடையும்போதுதான் தெரியும். இங்கே ஒரு லாரியின் ப்ராசஸ் செத்தால் அது மட்டும்தான் சாகும், மேலே இருக்கும் சூப்பர்வைசர் அதை உடனே திரும்ப எழுப்பிவிடும். பக்கத்து லாரிக்கு அது தெரியவே தெரியாது. நோடில் எங்கேயோ கவனிக்காமல் விட்ட ஒரு பிழை, அந்த சர்வரில் தொங்கிக்கொண்டிருந்த எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். எங்களுக்கு அது நடந்திருக்கிறது.

டெமோவில் இதைத்தான் காட்டினேன். திரையில் ஓசூரிலிருந்து கிளம்பிய லாரிகள் நீலப் புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை நானே வேண்டுமென்று கொன்றேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி ஒரு கணம் காணாமல் போனது, அப்புறம் அதே இடத்தில் வந்து நின்று நகர ஆரம்பித்தது. மற்ற புள்ளிகள் எதுவும் தயங்கக்கூட இல்லை. நாங்கள் இத்தனை மாதம் தூக்கம் கெட்டதற்குப் பதில் அந்த ஒரு கணத்தில்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது முடிவெடுக்க வேண்டியவர் போனில் வாட்ஸ்அப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "இதை வேற யாரு யூஸ் பண்றாங்க?" என்று கேட்டார்.

அவர் கையில் இருந்த வாட்ஸ்அப்பின் சர்வர் ஓடுவதே எர்லாங் என்ற மொழியில்தான். எலிக்ஸிர் உட்கார்ந்திருப்பது அதே எர்லாங்கின் மேல்தான். ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக 2012-இலேயே வாட்ஸ்அப் எழுதியது. 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது பயனர்கள் சுமார் 45 கோடி, பொறியாளர்கள் முப்பத்துச் சொச்சம் பேர். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி 2017-இல் ஒரே நேரத்தில் 50 லட்சம் பேரை எலிக்ஸிரை வைத்துச் சமாளித்தது. இவ்வளவும் என் மூன்றாவது ஸ்லைடில் இருந்தது. மூன்றாவது ஸ்லைடை யாரும் பார்க்கவில்லை.

"நீங்க டெக்னாலஜியைப் பேசியிருப்பீங்க, அவங்களுக்கு பிசினஸ் பாஷையில பேசணும்" என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஸ்லைடில் மொழியின் பெயரே கிடையாது. கிளவுட் பில் இருந்தது. எந்தெந்த வாடிக்கையாளர் எந்த ராத்திரி புகார் கொடுத்தார் என்று இருந்தது. பழைய பக்கம் அப்படியே ஓடட்டும், புதியதை ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் திறப்போம், சரிவரவில்லையென்றால் அன்றைக்கே பழையதற்குத் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தது. மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்வார்களோ எல்லாம் செய்தாயிற்று. எதிரே இருப்பவர் பார்க்கவும் வேண்டும் அல்லவா?

எங்கள் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தார். லீவு நாளில் சில சமயம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ரேக் முழுக்க அட்டைகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஓர் அட்டையில் கோளாறு என்றால் அதை மட்டும் உருவி எடுத்து வேறொன்றைச் செருகுவார். அந்த அட்டையில் இருந்த சில வீடுகளுக்கு மட்டும் கொஞ்ச நேரம் டயல் டோன் இருக்காது. ஊரில் மற்றவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். "ஒரு வீட்டு லைன் போச்சுன்னு ஊர் லைனை நிறுத்தலாமா?" என்பார். எர்லாங் பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். 1986-இல் சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் எக்ஸ்சேஞ்ச்களுக்காக உருவாக்கிய மொழி அது. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கக்கூடாது என்பதை முதல் நாளிலேயே உள்ளே வைத்துக் கட்டினார்கள். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பாவின் ரேக்தான் கண்முன் வந்தது. ஜோசே வாலிம் 2012 வாக்கில் அதன்மேல் எலிக்ஸிரைக் கட்டியதால்தான் என்னைப் போல வெப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அது எட்டியது.

அந்த மொழிக்கும் இதேதான் நடந்தது. 1998-இல் எரிக்சனுக்குள்ளேயே, அதன் ரேடியோ பிரிவில், புதிய தயாரிப்புகளுக்கு எர்லாங்கைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை போட்டார்கள். உலகம் பயன்படுத்தும் மொழிகளையே நாமும் பயன்படுத்துவோம் என்பதுதான் காரணம். அதே ஆண்டில்தான் பெரும்பகுதி எர்லாங்கில் எழுதிய ஏ.எக்ஸ்.டி. 301 என்ற தொலைத்தொடர்பு சுவிட்ச்சை அந்த நிறுவனமே சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் எர்லாங் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது, ஆர்ம்ஸ்ட்ராங்கும் மற்றவர்களும் வெளியேறினார்கள். 2004-இல் அவரை எரிக்சன் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது.

சரி, "ஆள் கிடைக்காது" என்கிற வாதத்துக்கு வருகிறேன். நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். பெங்களூருவில் ரியாக்ட், நோட் என்று விளம்பரம் போட்டால் விண்ணப்பம் குவியும், உண்மை. குவிந்த விண்ணப்பத்தில் ஓர் ஆளைத் தேறவைக்க நான் எத்தனை இன்டர்வியூ எடுக்கிறேன் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஆஃபர் வாங்கிக்கொண்டு சேராமல் போகிறவர்கள் எத்தனை பேர்? எங்கள் டீமில் எல்லாருக்கும் சின்னவன் ஆரணிப் பையன். ஃப்ரெஷராக வந்தவன். எலிக்ஸிர் என்ற பெயரையே எங்களிடம்தான் கேள்விப்பட்டான். அந்த டெமோவில் செத்த புள்ளியை எழுப்பிய சூப்பர்வைசர் பகுதி முழுக்க அவன் எழுதியது. நிரலெழுதத் தெரிந்தவனுக்கு இன்னொரு மொழி மலையில்லை. கற்றுக்கொடுக்க மனம் இல்லாத இடத்தில்தான் ஆள் கிடைக்காது.

"நாளைக்கே இது செத்துப்போனா?" என்பது அடுத்தது. வெப் பக்கம் கட்ட எல்லாரும் நம்பிய கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்குலர்ஜேஎஸ் கூகுளுடையது. அதன் ஆதரவு 2021 முடிந்ததோடு முடிந்தது. ஃப்ளாஷை அடோபி 2020 கடைசியில் மூடியது. சில்வர்லைட் மைக்ரோசாஃப்டுடையது, அதுவும் 2021-இல் போயிற்று. எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள், எல்லாவற்றையும் பாதுகாப்பான தேர்வு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். எல்லா வேலைக்கும் எலிக்ஸிர் பொருந்துமா என்றால், பொருந்தாது. பெரிய பெரிய கணக்குகளை வேகமாகப் போடவேண்டும் என்றால் நானே வேறு பக்கம் போவேன். நான் கேட்டது அதற்கு இல்லை.

"நீங்க வேலையை விட்டுப் போயிட்டா யார் பார்ப்பா?" என்றும் அந்த அறையில் கேட்டார்கள். இது எனக்கு வலித்தது. இந்த சிஸ்டத்தில் என்னைவிட நீண்ட நாள் இருப்பவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை. இந்த லாரிப் பக்கத்துக்காகத் தீபாவளியன்று வீட்டு வாசலில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள் நான். உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகப்போகிறவள் என்று என்னைப் பார்த்தா கேட்பது? பொறுப்பு இல்லாதவளாக இருந்தால் வருகிற அலாரத்தைப் பார்த்து, சர்வரைக் கூட்டிவிட்டு, பில் கம்பெனிக்குத்தானே என்று படுத்துத் தூங்கியிருப்பேன்.

அவர்களுக்கும் மேலே அழுத்தம் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும், பத்து நிமிடம் பார்க்க விடாத அழுத்தம் எது?

எல்லாரும் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுத்துத் தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு ராத்திரி விழுந்தால் "யார் சொன்னது" என்று தேடுவார்கள். அதனால் மாதாமாதம் விழுகிற ஒன்றை வைத்துக்கொண்டே இருக்கிறோம். விழுவது பழகிவிட்டது, பழகியதால் அதற்குப் பெயர் பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். இதே ஃபைல், இதே மூன்றாவது ஸ்லைடு, கலிபோர்னியா ஆபீஸிலிருந்து ஒருத்தர் அனுப்பியிருந்தால் அந்த அறையில் யாரும் போனைத் தொட்டிருக்கமாட்டார்கள். உலகத்துக்கே நிரல் எழுதிக் கொடுக்கிற ஊர் இது. எதில் எழுதலாம் என்று சொல்ல மட்டும் நமக்குத் தகுதி கிடையாதா? அப்பா வேலை பார்த்த எக்ஸ்சேஞ்சில் முதலில் வந்தது நம் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டின் மெஷின். 1984-இல் தொடங்கி, டெல்லியிலும் இதே பெங்களூருவிலும் உட்கார்ந்து, பெரும்பாலும் இளம் பொறியாளர்கள் உருவாக்கியது. ஏசி இல்லாத அறையில், நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் ஓடவேண்டும் என்று நினைத்துக் கட்டியது. முதல் கிராம எக்ஸ்சேஞ்ச் 1986-இல் இதே கர்நாடகத்தில், கிட்டூரில் ஓடத் தொடங்கியது. அப்போதும் வெளிநாட்டு மெஷின்கள் சந்தையில் இருந்தன. யாரோ ஒருவர் இந்தப் பிள்ளைகள் செய்ததை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதனால்தான் எங்கள் ஊருக்கு போன் வந்தது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு ஆரணிப் பையன் புரொஜெக்டர் கேபிளைச் சுருட்டிக்கொண்டே, "அக்கா, நாம எதை மாத்திக் காட்டியிருந்தா பாத்திருப்பாங்க?" என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு மடிவாளாவில் பஸ். திங்கட்கிழமை பேசலாம் என்று அனுப்பிவைத்தேன். இன்னும் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

"வேலையை மாற்றுங்கள்" என்று எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். மாற்றுவதாக இல்லை. இந்த மாதக் கடைசிக்கு முன்னால் பத்து நிமிடம் திரும்பக் கேட்டு மெயில் போட்டுவிட்டேன். உங்களில் யாராவது எலிக்ஸிரோ, எர்லாங்கோ, அதிகம் பேர் கேள்விப்படாத வேறு எதுவோ, உங்கள் கம்பெனியில் உள்ளே கொண்டுவந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். முதலில் யாரிடம் போனீர்கள்? பைனான்ஸ்காரர்கள் என்ன கேட்டார்கள்? வேலைக்கு ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் என்ன போட்டீர்கள்? இன்பாக்ஸில் சொன்னாலும் போதும்.