ஹெச்டி டிவிடியைத் தோற்கடித்தது தரம் இல்லை

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். "சந்தையில் கடைசியில் நல்ல பொருள்தான் ஜெயிக்கும்" என்று பேசிய தம்பி, அதற்கு உதாரணமாக, டிவிடிக்கு அடுத்து இன்னும் தெளிவான படத்துக்காக வந்து ஒன்றோடொன்று போட்டி போட்ட இரண்டு டிஸ்க் வகைகளான ப்ளூரேயையும் ஹெச்டி டிவிடியையும் திரையில் காட்டினார். ப்ளூரேயின் மேல் பச்சை டிக், ஹெச்டி டிவிடியின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. நான் எழுந்து "அது அப்படி இல்லை தம்பி" என்றேன். பக்கத்து நாற்காலி நண்பர் "சார் வீட்ல இன்னும் அந்த பிளேயர் இருக்கு, அதான் கோபம். தோத்த பார்ட்டி" என்றார். கூட்டமே சிரித்தது. தம்பி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு இரண்டு நிமிடம் பேச விட்டிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்திருக்காது.

ஹெச்டி டிவிடி தரத்தில் தோற்கவில்லை. படம் பார்க்கிற ஜனங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது மட்டம் என்று ஒன்றை ஒதுக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. இதை நான் 2008லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இரண்டுக்கும் லேசர் ஒன்றேதான். 405 நானோமீட்டர், நீலமும் ஊதாவும் சேர்ந்த ஒளி. பழைய டிவிடியின் சிவப்பு லேசர் 650. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சின்னதாகும், அதே அளவு வட்டில் நிறைய எழுதலாம். இரண்டும் பிரிகிற இடம், பதிவான அடுக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கின் கனம். ஹெச்டி டிவிடியைக் கொண்டுவந்த தோஷிபா, டிவிடியில் இருந்த 0.6 மில்லிமீட்டரை அப்படியே வைத்துக்கொண்டது. ப்ளூரே பக்கம் இருந்த சோனியும் கூட்டாளிகளும் அதை 0.1 ஆக்கினார்கள். அதனால் ப்ளூரேயில் ஒரு அடுக்குக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்குக்கு 50. ஹெச்டி டிவிடியில் 15, 30.

சரி, ப்ளூரேயில் இடம் அதிகம். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 0.1 மில்லிமீட்டர் சும்மா வரவில்லை. லேசாக உரசினாலே கீறல் விழும் என்பதால் ஆரம்பத்தில் ப்ளூரே டிஸ்கை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள். டிடிகே நிறுவனம் கெட்டியான மேல்பூச்சு ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கூடு போனது. ஹெச்டி டிவிடிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. டிவிடி அச்சடித்த இயந்திரங்களையே கொஞ்சம் மாற்றி அதையும் அச்சடித்தார்கள். செலவு குறைவு.

"50 பெரிசா, 30 பெரிசா?" என்று கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டார். வார்னர் ஸ்டுடியோ ஒரே படத்தை இரண்டு வடிவத்திலும் வெளியிட்டபோது, பல படங்களுக்கு 30 ஜிபிக்குள் அடங்குகிற ஒரே வீடியோவைத்தான் இரண்டு டிஸ்கிலும் போட்டது. ஒரே படம், ஒரே பிட்டுகள். எது மட்டம், எது உசத்தி? அதுமட்டும் இல்லை. 2006 ஜூனில் ப்ளூரே கடைக்கு வந்தபோது இருந்த டிஸ்குகள் 25 ஜிபி. அதிலும் பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கிய வீடியோ. அப்போது ஹெச்டி டிவிடி 30 ஜிபியும் புதிய விசி-1 முறையுமாக வந்துகொண்டிருந்தது. அந்த முதல் சில மாதங்களில் எது நன்றாக இருந்தது என்று அன்றைக்கு இரண்டையும் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

ஹெச்டி டிவிடி பிளேயரில் முதல் நாளிலிருந்தே இணைய இணைப்புக்கான வசதி கட்டாயம். படம் ஓடும்போதே மூலையில் இயக்குநர் பேசுகிற சின்னப் படம் வரும். ப்ளூரே பிளேயர்களுக்கு அந்தச் சின்னப் படமே 2007 நவம்பரிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன்னால் வாங்கியவர்களில் பலருக்கு அது கிடைக்கவே இல்லை.

நமக்கு முக்கியமான இன்னொன்று, ஹெச்டி டிவிடியில் நாட்டுப் பூட்டு கிடையாது. ப்ளூரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். அமெரிக்கா ஏ, இந்தியா சி. அங்கே காசு கொடுத்து வாங்கிய டிஸ்கில் பூட்டுப் போட்டிருந்தால், இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. வெளிநாட்டிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்புறம் ஏன் தோற்றது? ஸ்டுடியோக்களுக்குப் பூட்டு பிடித்திருந்தது. ஃபாக்ஸ் ப்ளூரே பக்கம் நின்றதற்கு அதில் கூடுதலாக இருந்த பிடி பிளஸ் என்ற நகல் தடுப்பு ஒரு பெரிய காரணம். பார்க்கிறவனுக்கு எது வசதியோ அது அவர்களுக்குத் தலைவலி. இன்னொன்று, பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ கேம் பெட்டி. 2006 நவம்பரில் சோனி ஒவ்வொரு பிளேஸ்டேஷனுக்குள்ளும் ஒரு ப்ளூரே பிளேயரை வைத்தே விற்றது. விளையாட வாங்கிய பையன் வீட்டில் ப்ளூரே தானாக நுழைந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸுக்கு ஹெச்டி டிவிடி டிரைவை 199 டாலருக்குத் தனிப் பெட்டியாக விற்றது. யார் தனியாக வாங்குவார்கள்? இதில் தரம் எங்கே வருகிறது?

நான் வாங்கிய கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் "அந்த பிளேயர்" என்று சிரித்தது அதைப் பார்த்துத்தான். 2007ல் நாங்கள் நியூஜெர்சியில் எடிசனில் இருந்தோம். மகள் பிறந்து மூன்று வாரம். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் குழந்தையும் பத்தியச் சமையலுமாகப் பொழுது போய்விடும். அப்பாவுக்கு வெளியே குளிர், உள்ளே வேலை எதுவும் இல்லை, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே இருப்பார். நவம்பரில் ஹெச்டி டிவிடி பிளேயரை 100 டாலருக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். விடிகாலையில் போய் வரிசையில் நின்று வாங்கிவந்தேன். கூடவே காடு, கடல், பறவைகள் என்று ஓர் ஆவணப்பட செட்.

அப்பா வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் சட்டென்று வியந்துவிட மாட்டார். முதல் டிஸ்க் போட்டு அரை மணி நேரம் பேசவே இல்லை. அருவி வந்த இடத்தில் "டேய், சாரல் மேல அடிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க தினமும் மதியம் சாப்பிட்டதும் ஒரு டிஸ்க். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பார். ரிமோட்டைக்கூட என்னைத் தொட விட மாட்டார்.

2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. லாஸ் வேகாஸில் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, இனி ப்ளூரே மட்டும்தான் என்று வார்னர் அறிவித்தது. ஹெச்டி டிவிடிக்காரர்கள் அந்தக் கண்காட்சியில் நடத்தவிருந்த செய்தியாளர் சந்திப்பையே ரத்து செய்தார்கள். பிப்ரவரி 11ல், அப்போது டிஸ்கைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிய நெட்ஃப்ளிக்ஸ் கைவிட்டது. 15ல் வால்மார்ட் கடைகள். 19ஆம் தேதி தோஷிபாவே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆறரை வாரம். அந்த ஆறரை வாரத்தில் என் வீட்டு பிளேயரின் படம் மங்கிப் போனதா? ஒரு புள்ளி குறைந்ததா? ஒரு ஸ்டுடியோ அலுவலகத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

இப்போது ஒருவர் வருவார், "பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் 2007 ஆகஸ்ட்டில் ஹெச்டி டிவிடிக்குத் தாவியதே, அதற்கு 15 கோடி டாலர் கைமாறியதாகப் பத்திரிகையில் வந்ததே" என்பார். வந்தது. படித்தேன். அதனால் என்ன? நான் சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறது. பேரம் நடந்த இடம் வேறு, படம் பார்த்த இடம் வேறு.

"2007ல் அமெரிக்காவில் ப்ளூரே டிஸ்க் இரண்டு விற்றால் ஹெச்டி டிவிடி ஒன்றுதானே விற்றது?" உண்மை. பிளேஸ்டேஷனைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன். ஹெச்டி டிவிடி பிளேயர் செய்தது கிட்டத்தட்ட தோஷிபா மட்டும்தான். ப்ளூரே பக்கம் சோனி, பானாசோனிக், சாம்சங், பிலிப்ஸ், பயனியர், ஷார்ப் என்று ஒரு படையே நின்றது. தோஷிபா விலையை அடிமட்டத்துக்கு இறக்கியதும், வேறு யாருக்கும் அதில் லாபம் பார்க்க வழியில்லாமல் போனது. நான் சந்தோஷமாக வாங்கிய அந்த 100 டாலர் விலையே அதைக் கொன்றதில் ஒரு பங்கு. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. ஆனால் இதுவும் வியாபாரத் தப்புதானே தவிர, தரத்தில் குறை இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் எதில் என்றால், பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ கேசட். 1975ல் சோனி கொண்டுவந்தது, அடுத்த வருடம் வந்த விஹெச்எஸ்ஸிடம் தோற்றது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் "பாவம், நல்ல பொருள் தோற்றுவிட்டது" என்று எல்லாரும் உச்சுக்கொட்டுகிறார்கள். அதே சோனி ஜெயித்தால் "பார்த்தீர்களா, நல்ல பொருள் ஜெயித்துவிட்டது." தோற்றாலும் தரம் அவர்கள் பக்கம், ஜெயித்தாலும் தரம் அவர்கள் பக்கம். அப்படியானால் மறுபக்கம் காசு போட்டவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்களா? உலகம் முழுக்க சுமார் 10 லட்சம் பிளேயரும் டிரைவும் விற்றன. அதில் ஒன்றை வாங்கியவன் நான். பிறந்த குழந்தை இருக்கிற வீட்டில், ஒற்றைச் சம்பளத்தில், விலை பார்த்து, வசதி பார்த்து, படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மார்ச்சில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைப் பையன் "இதை யார் வாங்குவா" என்று மேனேஜரைப் பார்த்துச் சிரித்தான். அதே சிரிப்பைத்தான் சனிக்கிழமை கேட்டேன். அன்றைக்கும் ஒன்றும் பேசாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா "எங்கடா எடுத்துட்டுப் போன, நேத்து பாதியில நிக்குது" என்றார். மறுபடி இணைத்துக் கொடுத்தேன். ஏப்ரலில் ஊருக்குப் போகும்வரை பார்த்தார்.

நாங்கள் 2010ல் சென்னை திரும்பியபோது சாமானைக் குறைக்கச் சொல்லி வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். பிளேயரை விடவில்லை. அப்பா அடுத்த முறை வந்து தங்கும்போது பார்க்கட்டும் என்று ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி மாட்டினேன். அவர் இரண்டு முறை வந்தார். இப்போது அவர் இல்லை. டிஸ்க் உறைகளின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் அவர் பார்த்த தேதிகள் வரிசையாக இருக்கின்றன, காசாளர் பழக்கம். அருவி வருகிற டிஸ்கில் மட்டும் பதினொரு தேதி.

தம்பி, அடுத்த கூட்டத்துக்கு அந்த பிளேயரைக் கொண்டுவருகிறேன். டிரான்ஸ்பார்மரும் என்னிடமே இருக்கிறது. உங்கள் ப்ளூரே பிளேயரையும், இரண்டு வடிவத்திலும் வெளிவந்த ஏதாவது ஒரு வார்னர் படத்தின் டிஸ்கையும் நீங்கள் கொண்டுவாருங்கள். அதே படத்தின் ஹெச்டி டிவிடியை நான் தேடி எடுத்து வருகிறேன். எது எந்த டிஸ்க் என்று சொல்லாமல் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் போடுவோம். சிரித்தவர்கள் முன் வரிசையில் உட்காரட்டும்.