அலங்காரத்துக்கு முன்னால் எடை

மாடித்தோட்டத்தை அழகுபடுத்துவது பற்றி வந்த கட்டுரையில் புல்தரை, ஊஞ்சல், விளக்கு என்று சொன்ன அலங்காரம் எல்லாம் அருமை. ஆனால் எடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஆட்கள் நடமாடும் மொட்டைமாடி தாங்க வேண்டிய சுமையாக இந்தியத் தர விதி கணக்கில் கொள்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதே இடத்தில் ஓர் அடி ஆழத்துக்கு ஈரமண் பரப்பினால் 500 கிலோ வந்துவிடும். அதனால் செம்மண்ணைக் குறைத்து, தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகளே நல்லது. கனமான தொட்டிகளைச் சுவரோரமாக, கீழே கூரையைத் தாங்கும் பீம் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். அப்புறம், பைகளைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், அடியில் ஈரம் தேங்கினால் கூரையில் ஓதம் ஏறும். சித்திரை வெயிலில் கீரைக்குப் பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை வேண்டும். வெண்டை வெயிலிலேயே நன்றாகக் காய்க்கும்.